தப்பு செய்யாதவன் முகம் எதற்கு?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை. தீபாவளி நேரம், கடை சாத்திக் கணக்கு முடித்து வெளியே வர ராத்திரி பன்னிரண்டு ஆகிவிட்டது. வழியில் வண்டிச் சோதனை. லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரியாக இருந்தும், "ஹெல்மெட்டைக் கழட்டு, இந்தப் பக்கம் பாரு" என்று ஒரு காவலர் போனில் அவர் முகத்தைப் படம் பிடித்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் வந்து சொன்னால் அப்பா, "தப்பு பண்ணாதவனுக்கு என்னடா பயம்? கேமரா வந்த பிறகுதான் ஏரியாவில் செயின் அறுப்பு குறைஞ்சிருக்கு" என்கிறார். கூட வேலை செய்யும் நண்பரோ, அரசாங்கம் டெக்னாலஜியில் கை வைத்தாலே சுதந்திரம் போய்விடும், எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்கிறாராம். "ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு முழுசா ஒப்பலை, நீங்க என்ன சொல்றீங்க அண்ணே?" என்பது கேள்வி.

நான் பதினெட்டு வருஷமாக ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது காசிமேடு. தம்பி, உங்களுக்கு உறுத்தியது நியாயமான உறுத்தல்தான்.

முதலில் சட்டம். சீருடையில் இருக்கிற போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். ஆனால் போகிற வருகிறவரை நிறுத்தி முகத்தைப் படம் பிடித்துச் செயலியில் போட்டுப் பார்க்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஆட்களை அடையாளம் காண்பதற்கென்றே 2022இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1920ஆம் வருஷத்துக் கைதிகள் அடையாளச் சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தார்கள். கைரேகை, உள்ளங்கை ரேகை, கருவிழி, போட்டோ, உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகள் வரை அதில் வரும். பதிவுகளை 75 வருஷம் வைத்திருக்கலாம். அவ்வளவு அகலமான சட்டமே யாரிடம் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது: தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், நன்னடத்தைக்காகப் பிணை கொடுக்கும்படி உத்தரவானவர். மற்றவர்களிடம் எடுக்க மாஜிஸ்டிரேட் உத்தரவு வேண்டும். கடை சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர் இதில் எங்கேயும் வரமாட்டார்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அரசு அந்த உரிமைக்குள் நுழைய வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிப் போகக் கூடாது. உங்கள் விஷயத்தில் முதல் படியிலேயே இடறுகிறது. நோக்கம் நல்லதா கெட்டதா என்று பேச்சு போவதற்கு முன்னால், எந்தச் சட்டத்தின் கீழ் படம் எடுத்தீர்கள் என்ற கேள்விக்கே பதில் இல்லை.

இப்போது அந்தப் போனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். தமிழ்நாடு காவல் துறை 2021 அக்டோபரில் முகம் அறியும் மென்பொருளை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. செய்து கொடுத்தது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா மையம். நாம் பார்ப்பது மாதிரி அது முகத்தைப் பார்ப்பதில்லை. கண், மூக்கு, தாடை அமைந்திருக்கும் விதத்தை நீளமான ஓர் எண் வரிசையாக மாற்றி, போலீஸ் சேர்த்து வைத்திருக்கும் படக் கிடங்கில் இருக்கும் வரிசைகளோடு ஒட்டிப் பார்க்கிறது. "இவர்தான்" என்று அது சொல்வதே கிடையாது. இவ்வளவு பொருத்தம் என்று மட்டும் சொல்லும். எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் ஆள் அவர்தான் என்று எடுத்துக்கொள்வது, யாரோ ஓர் அதிகாரி போடும் கோடு. டெல்லி போலீஸ் 80 சதவீதத்தில் கோடு போட்டிருக்கிறது. 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கிடைத்த பதில் இது. அதே டெல்லி போலீஸ், காணாமல்போன குழந்தைகளைத் தேடும் வழக்கில், தங்கள் மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம்தான் என்று 2018இல் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. தொலைந்த பிள்ளையைத் தேடித் தர முடியாத இயந்திரத்தை நம்பி ஒருவரை ஜீப்பில் ஏற்றுகிறார்கள் என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் சில பெரிய கம்பெனிகளின் முக மென்பொருள்களைச் சோதித்தார்கள். படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் சோதனைதான். வெளுத்த நிறமுள்ள ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருத்த நிறமுள்ள பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அந்த முகங்கள்தான் இயந்திரத்துக்கு நன்றாகத் தெரியும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வேலை செய்கிற நம் ஏரியா முகங்களை இந்த மென்பொருள்கள் எப்படிப் பார்க்கின்றன என்று யாராவது சோதித்து நமக்குச் சொல்லியிருக்கிறார்களா?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இயந்திரம் ரொம்ப நல்லது, ஆயிரத்தில் ஒருவரைத்தான் தப்பாகக் காட்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரியில் பத்தாயிரம் பேரை நிறுத்திப் பார்க்கிறார்கள். அதில் உண்மையாகவே தேடப்படுகிறவர்கள் இரண்டு பேர். திரையில் பன்னிரண்டு பேர் மாட்டுவார்கள். அதில் பத்துப் பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். ஒரு மாதத்தில் முந்நூறு பேர். "ஆயிரத்துக்கு ஒண்ணுதானே" என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிகிற தவறு, ஊர் முழுக்க வலை விரித்தால் இப்படித்தான் பெருகும்.

அந்த வலையை எங்கே விரிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நான் பார்த்தவரை வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பையன்கள்தான் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலையில் காரைவிட்டு இறங்கி முகத்தைக் காட்டியதாக ஒருவர்கூட என்னிடம் வந்து சொன்னதில்லை. என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். வியாசர்பாடி. கேரம் நன்றாக ஆடுவான். பத்தொன்பது வயதில் தெருச் சண்டை ஒன்றில் எஃப்.ஐ.ஆரில் எட்டாவது பெயராகச் சேர்த்தார்கள். அன்றைக்கு அவன் தெருவிலேயே இல்லை. நாலு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து விடுதலை ஆனான். அப்புறம் டெலிவரி வேலைக்குச் சேர்ந்தான். ஒரு ராத்திரி சோதனையில் முகத்தைப் பிடித்ததும் போனில் அந்தப் பழைய குற்ற எண் வந்து நின்றது. விடுதலை ஆன விவரம் வரவில்லை. விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பையில் இருந்த நாலு ஆர்டரும் ஆறிப்போனது, கம்பெனிக்காரன் கணக்கை முடக்கிவிட்டான். காலையில் நான் போனபோது அவன் அம்மா தீர்ப்பு நகலை மாவு பாக்கெட் கவரில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். இப்போது அந்த நகலை லேமினேட் பண்ணி பைக் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில், தான் நிரபராதி என்ற காகிதம்.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவன் தப்பு செய்யாதவன்தான். கோர்ட்டே சொல்லிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

இது புதுசும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார். ஆனால் போலீஸ் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட், அதாவது கண்காணிக்க வேண்டியவர் என்ற பதிவேடு, திறந்து, நடுராத்திரியில் போய்க் கதவைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராத்திரிக் கதவைத் தட்டுவதை மட்டும் நிறுத்தியது; பின்னால் போய் நோட்டம் பார்ப்பதெல்லாம் சரி என்றது. அதை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கே. சுப்பா ராவ். நம் சென்னை சட்டக் கல்லூரியில் படித்து, இங்கேயே உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். எந்நேரமும் கண்காணிக்கப்படுகிறவன் தெருவில் நடந்தாலும் சுதந்திர மனிதனாக நடக்கவில்லை என்பது அவர் நிலை. 55 வருஷம் கழித்து அந்த ஒன்பது நீதிபதிகள் அவர் எழுதியதுதான் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். நான் தினமும் அந்தப் பழைய கல்லூரிக் கட்டடத்தைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போகிறேன். அவர் ஞாபகம் வராத நாள் குறைவு.

இன்னும் பின்னால் போனால் கைரேகைச் சட்டம். வெள்ளைக்காரர்கள் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் தெற்குச் சீமையில் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிறந்த சாதிக்காக ஊரே ரேகை வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். ஒரு ஜனத்தையே சந்தேகப் பட்டியலில் எழுதி வைப்பது என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்போது மை தடவிய விரல், இப்போது முகம்.

எடுத்த படம் பத்திரமாக இருக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முகம் அறியும் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டார். நிர்வாகிக் கணக்கு ஒன்றின் வழியாக நுழைவு நடந்தது, அதை முடக்கிவிட்டோம் என்று காவல் துறையே விளக்கம் கொடுத்தது. பாஸ்வேர்ட் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது.

சரி, அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2017க்குப் பிறகு "மூன்றாவது கண்" என்று தெருத்தெருவாக கேமரா வைத்தபோது கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் கைக்காசு போட்டுத்தான் வைத்தார்கள். அதனால் எத்தனையோ செயின் அறுப்பு வழக்குகள் துலங்கின. என் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் குற்றம் நடந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தார்கள் என்று நிரூபித்ததே ஒரு டீக்கடை கேமராதான். எனக்கு கேமரா மேல் கோபம் இல்லை. குற்றம் நடந்த பிறகு, புகார் வாங்கி, அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்ப்பது விசாரணை. ஒரு குற்றமும் நடக்காமல், ஒரு புகாரும் இல்லாமல், வருகிற எல்லார் முகத்தையும் கிடங்கில் தட்டிப் பார்ப்பது வேறு. முதலாவதில் போலீஸ் குற்றத்தைத் தேடுகிறது. இரண்டாவதில் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு குற்றத்தைத் தேடுகிறது.

நம் உயர் நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்த நீதிமன்றம்தான். 2025 ஜூலையில் ஒரு லஞ்ச வழக்கில், 2011இல் போட்ட போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்று சட்டம் சொல்லும் காரணம் இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம், குற்றம் கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக மட்டும் முடியாது என்றது.

இப்போது நண்பர் சொன்னதற்கு வருகிறேன். கட்டுப்பாடே வேண்டாம் என்பவர், லோன் ஆப்பில் மாட்டிய ஒருவரைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு போனில் இருக்கிற அத்தனை நம்பரையும் உறிஞ்சிக்கொண்டு, தவணை தப்பினால் படத்தை ஆபாசமாக மாற்றி மாமனாருக்கும் முதலாளிக்கும் அனுப்பினார்கள். திருவொற்றியூரிலிருந்து ஒரு தங்கச்சி என் அலுவலகத்தில் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அது ஒவ்வொரு முறை அதிரும்போதும் உடம்பு தூக்கிப்போட உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. அந்த விதி யார் சுதந்திரத்தைப் பறித்தது? அந்தத் தங்கச்சிக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

ஆன்லைன் ரம்மியும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்றும், ஆதார் வைத்து ஆளை உறுதி செய்ய வேண்டும் என்றும் விதி கொண்டுவந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. அந்தரங்க உரிமையையும் வாதத்தில் சேர்த்தன. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. ராத்திரித் தடை முழுக்கச் சரி என்பது என் எண்ணம், ஏனென்றால் அது கம்பெனியின் கையைக் கட்டியது. ஆதார் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது ஆடுகிறவரிடம் இன்னொரு அடையாளத்தை வாங்கிக் கம்பெனியிடமே கொடுத்தது. ஒரே விதித் தொகுப்பில் இரண்டும் இருந்தன. கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. யார் கையை அது கட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதிகாரமும் பணமும் இருக்கிற பக்கம் வெளிச்சம் விழட்டும், இல்லாதவரை நிம்மதியாக வீட்டுக்குப் போக விடட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

வடசென்னையில் இது தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாய். கண் எரிந்து மூச்சு முட்டித்தான் ஜனங்கள் எழுந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, படகும் வலையும் கருப்பாகி, மீன்காரர்கள் பக்கெட்டால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நானே போய்ப் பார்த்தேன். கையில் ஒட்டியது சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். பையன் முகத்தை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது. குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்த நிமிஷமே பெரியகுப்பத்து ஒவ்வொரு போனிலும் மணி அடிக்கும்படி அதே தொழில்நுட்பத்தைத் திருப்பிவிடக் கூடாதா? அங்கே எனக்கு நெருக்கமான, விடாப்பிடியான கட்டுப்பாடு வேண்டும்.

தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். 2023 ஆகஸ்டில் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கம்பெனி தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், நல்லது. ஆனால் குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் பெரும்பகுதி விலக்கு. மத்திய அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது. போதாக்குறைக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தி, தனிநபர் விவரம் என்று சொல்லி அதிகாரிகள் பற்றிய தகவலை மறுப்பதை முன்னைவிட எளிதாக்கிவிட்டார்கள். வெளிச்சம் விழ வேண்டிய பக்கம் திரை போட்டிருக்கிறார்கள்.

என் அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் காசிமேட்டில் எறா உரித்தவர். ஐஸ் தண்ணீரிலும் எறா ஓட்டிலும் தேய்ந்து விரல் நுனி வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. 2020 அக்டோபரில் ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்தது. எங்கள் கடையில் கட்டை விரலை வைத்தார்கள், இல்லை. ஆள்காட்டி விரல், இல்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்கம்மா" என்றார் கடைக்காரர். புடவையில் துடைத்து மறுபடி பத்து விரலும் வைத்தார்கள். பின்னால் வரிசை முனகுகிறது. கடைசியில் வெறும் பையோடு திரும்பி வந்து, "என் ரேகை எறாவோட போயிடுச்சுடா" என்றார்கள். வேறு வழி இருந்தது. பிரதிநிதி வைத்து வாங்கலாம். அதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் தண்டையார்பேட்டையில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, வயதானவர்களுக்கு ரேஷன் வீட்டுக்கே வருகிறது. மனதார வரவேற்கிறேன். இயந்திரத்தை மனிதர் தேடிப் போய் விரலை நீட்டுவதற்குப் பதிலாக, அரசு மனிதரைத் தேடி வருகிறது. தொழில்நுட்பத்தை இப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்துக்கு என்ன செய்யலாம்? அடுத்த முறை நிறுத்தினால் சண்டை போடாதீர்கள், ராத்திரியில் தனியாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். லைசென்ஸைக் கொடுங்கள். படம் எடுக்க வந்தால், "சார், எதுக்காக, எந்தச் சட்டத்துல எடுக்கறீங்க?" என்று மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள். போனைத் திறந்து காட்டச் சொன்னால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியும் எடுத்துவிட்டால் இடம், தேதி, நேரம் மூன்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஒன்று வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு, இன்னொன்று மாநிலக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு, ஏனென்றால் முகம் அறியும் மென்பொருள் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. வண்டிச் சோதனையில் முகத்தைப் படம் பிடிக்க எந்தச் சட்டம் அல்லது சுற்றறிக்கை அனுமதி தருகிறது, பொருந்தாத படத்தை எத்தனை நாளில் அழிக்கிறீர்கள், பொருத்தத்துக்கு எத்தனை சதவீதம் வைத்திருக்கிறீர்கள், விடுதலை ஆனவர்கள் படத்தை எடுத்துவிட என்ன முறை, காவல் நிலையம் வாரியாக ஒரு வருஷத்தில் எத்தனை பேர் முகம் பார்க்கப்பட்டது என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வலை எந்தப் பக்கம் விழுகிறது என்பது அந்த எண்களில்தான் தெரியும். மனு தமிழிலேயே இருக்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன், செலவு எதுவும் வேண்டாம்.